24 வோல்ட் லாரி: பிரேக் மிதிச்சா மீட்டர் போர்டு லைட் எரியுது, மழை வந்தா இன்ஜின் செக் லைட் வருது

கரூர்_பைபாஸ்

வணக்கம். 2018 மாடல், பிஎஸ்-4, 12 சக்கர லாரி. பாடி தனியா கட்டினது. தொல்லை நாலு இருக்கு. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமான்னு தெரியல, அதனால எல்லாத்தையும் எழுதறேன்.

பார்க்கிங் லைட் ஆஃப்ல இருக்கும்போது பிரேக் மிதிச்சா மீட்டர் போர்டு லைட் மங்கலா எரியுது. முன்பக்க பார்க்கிங் பல்பும் லேசா எரியுது. பின்னாடி வலது பிரேக் லைட் நல்லா எரியுது, இடது மங்கல்.

ராத்திரி ஹெட்லைட், வைப்பர், கேபின் புளோயர் மூணும் ஓடும்போது டீசல் முள் இடம் மாறுது. இண்டிகேட்டர் போட்டா அதே தாளத்துக்கு முள்ளும் ஆடுது.

மழையில ஓட்டினா இன்ஜின் செக் லைட் வரும், ஆர்பிஎம் முள் பூஜ்யத்துல விழும், கொஞ்ச நேரத்துல தானா ஏறும். இன்ஜின் நிக்கறதில்ல. ஸ்கேனர்ல பி0562 (சிஸ்டம் வோல்ட் குறைவு), யு0100 ரெண்டு கோடு.

பேட்டரி ரெண்டுல ஒண்ணுக்கு அடிக்கடி டிஸ்டில்டு வாட்டர் ஊத்த வேண்டியிருக்கு. இன்னொண்ணுல தண்ணி குறையறதே இல்ல. காலையில செல்ஃப் இழுவையா சுத்துது.

ஆல்டர்னேட்டர், ஃபிளாஷர் ரெண்டும் புதுசு போட்டாச்சு, மாற்றம் இல்ல. இப்ப இசியு (இன்ஜின் கன்ட்ரோல் பெட்டி) மாத்தச் சொல்றாங்க. சரியா?

பதினாறு_டயர்

யு0100ன்னா இன்ஜின் இசியுவோட பேச்சு அறுந்துபோச்சுன்னு அர்த்தம். மழையில மட்டும் வருதுன்னா இசியு கப்ளர்ல (ஒயர் சொருகற இணைப்பு) தண்ணி இறங்குது. அதே பார்ட் நம்பர்ல வேற வண்டி இசியுவைக் கழட்டிப் போட்டுப் பாருங்க, ஒரு மணி நேர வேலை.

இருபத்துநாலு_வோல்ட்

அண்ணா, இசியுவை இப்ப தொட வேண்டாம். காமன் ரெயில் இன்ஜின்ல ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் தனி கோடு உண்டு, அது இசியுக்குள்ள எழுதியிருக்கும். வேற வண்டி இசியுவைப் போட்டா அந்தக் கோடு பொருந்தாது. இன்ஜின் கரடுமுரடா ஓடும், புகை தள்ளும், அதை வச்சு இன்னொரு தப்பான முடிவுக்குப் போவோம். ஒயரிங்ல கோளாறு இருந்தா, கொண்டுவந்த நல்ல இசியுவும் சேர்ந்து போகலாம்.

நாலு தொல்லையில மூணு எர்த் பக்கம் (கரண்ட் சேஸ் இரும்பு வழியா பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பற வழி) கைகாட்டுது. முதல்ல பிரேக் லைட்டை எடுத்துக்குவோம்.

பின் விளக்குல இருக்கிறது 21/5 வாட் ரெட்டை இழை பல்ப். ரெண்டு இழைக்கும் எர்த் ஒண்ணுதான், ஹோல்டர் உடம்பு வழியா. அந்த எர்த் அறுந்தா 21 வாட் இழைக்குள்ள வந்த கரண்ட் நிக்காது, 5 வாட் இழை வழியா தலைகீழா பார்க்கிங் ஒயர்ல ஏறும். பார்க்கிங் ஒயர்ல என்னென்ன தொங்குது? முன் பார்க்கிங் பல்ப், கிளியரன்ஸ் லைட், மீட்டர் போர்டு லைட். அதோட எர்த் எல்லாம் நல்லா இருக்கறதால அது வழியா இறங்கி முடிஞ்சிடும். பிரேக் மிதிச்சா மீட்டர் போர்டு எரியறது அதனாலதான். மங்கலா எரியற விளக்குல கோளாறு, அதாவது இடது பின் விளக்கு எர்த்.

சோதனை சுலபம். நீளமான ஒயர் ஒண்ணு எடுத்து, ஒரு முனையை இடது பின் விளக்கு எர்த் முனையில பிடிங்க, மறு முனையை சுரண்டின சேஸ் இரும்புல வைங்க. யாரையாவது பிரேக் மிதிக்கச் சொல்லுங்க. மீட்டர் போர்டு அணைஞ்சு இடது பிரேக் லைட் பளிச்சுன்னு வந்தா முடிஞ்சது.

பாடி தனியா கட்டினதுன்னு சொல்றீங்க. அங்க பின் விளக்கை பாடி ஆங்கிள்ல போல்ட் போட்டு, அந்த போல்டையே எர்த்தா விட்டிருப்பாங்க. ஆங்கிளுக்கும் சேஸுக்கும் நடுவுல பெயிண்ட், மரம், ரப்பர், துரு எல்லாம் இருக்கு. கொஞ்ச நாள் ஓடும், அப்புறம் இப்படித்தான் ஆகும்.

மீட்டர்_முதலில்

மேலே சொன்னதோடு முழுவதும் ஒத்துப்போகிறேன். இனி ஒவ்வொன்றையும் அளந்து எழுதுங்கள். ஊகத்தில் பார்ட் மாற்றினால் காசும் போகும், அடுத்து வருபவருக்குக் குழப்பமும் கூடும்.

ஒரு முக்கியமான விஷயம். எர்த்தை ஓம் ரேஞ்சிலோ பீப் சத்தத்திலோ பார்க்காதீர்கள். பத்தில் ஒரு பங்கு ஓம் தடை இருந்தாலே கேபின் எர்த் கெட்டுவிட்டது என்று பொருள். சாதாரண மீட்டரின் ப்ரோப் ஒயருக்கே 0.2, 0.3 ஓம் வரும், அதற்குள் இது மறைந்துவிடும். கேபினையும் சேஸையும் இணைக்கும் எர்த் பட்டையில் ஒரே ஒரு செம்பு இழை மிச்சம் இருந்தால்கூட மீட்டர் பீப் அடிக்கும். அந்த இழையில் 20 ஆம்பியர் போகாது. எனவே லோடு ஓடும்போது எவ்வளவு வோல்ட் விழுகிறது என்று பார்க்க வேண்டும்.

அளக்க வேண்டியவை:

ஒன்று. வண்டி ராத்திரி முழுக்க நின்ற பிறகு, காலையில் சாவி போடாமல் ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாக. 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. கூட்டிய 24 சொச்சத்தை மட்டும் பார்த்தால் உண்மை தெரியாது.

இரண்டு. இன்ஜின் 1500 ஆர்பிஎம்மில், மொத்தமும் தனித்தனியும்.

மூன்று. கறுப்பு ப்ரோபை பேட்டரி நெகட்டிவின் ஈயக் கம்பத்திலேயே வையுங்கள், கிளாம்பில் அல்ல. சிவப்பைக் கேபின் எர்த் போல்டில். ஹெட்லைட், வைப்பர், புளோயர் எல்லாம் ஓடட்டும். 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 0.5 தாண்டினால் கோளாறு உறுதி.

நான்கு. அதே கறுப்பு, சிவப்பு இன்ஜின் பிளாக்கில், செல்ஃப் அடிக்கும்போது. 0.5-க்குள்.

ஐந்து. பேட்டரி கட்-ஆஃப் சுவிட்சை அணைத்துவிட்டு, 16 பின் ஸ்கேனர் சாக்கெட்டில் 6-க்கும் 14-க்கும் நடுவே ஓம்; இது இசியுவும் மீட்டர் போர்டும் பேசிக்கொள்ளும் கேன் லைன். உங்கள் வண்டியில் 9 பின் வட்ட சாக்கெட் இருந்தால் சி, டி பின்கள்.

பதினாறு_டயர்

ஆல்டர்னேட்டர் புதுசுன்னாலும் அதுல டயோடு (ஏசியை டிசியா மாத்தற பாகம்) போயிருந்தா? அதையும் பார்க்கணுமே.

மீட்டர்_முதலில்

பார்க்கலாம். இன்ஜின் 1500 ஆர்பிஎம்மில், ஹெட்லைட் போட்டு, மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து பேட்டரி கம்பங்களில் அளக்கவும். அரை வோல்ட்டைத் தாண்டினால் டயோடைச் சந்தேகிக்கலாம். மலிவு மீட்டர்கள் ஏசி ரேஞ்சில் டிசியையும் சேர்த்துக் காட்டும், 50 வோல்ட்டுக்கு மேலேகூடக் காட்டும். அப்படி வந்தால் 1 மைக்ரோஃபாரட், 100 வோல்ட் பாலியஸ்டர் கப்பாசிட்டர் ஒன்றைச் சிவப்பு ப்ரோபுக்குத் தொடராக வைத்து அளந்தால் ஏசி மட்டும் வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிக்கும் பழக்கம் இன்றும் இருக்கிறது. 24 வோல்ட் வண்டியில் அந்த நொடியில் 100 வோல்ட்டுக்கு மேல் துள்ளும். மெக்கானிக்கல் பம்ப் காலத்தில் அதைத் தாங்கிய வண்டிகள் உண்டு. இசியு உள்ள வண்டியில் செய்யவே கூடாது.

கரூர்_பைபாஸ்

அளந்துட்டேன்.

பின் விளக்குக்கு தனி ஒயர் பிடிச்சேன், நீங்க சொன்ன மாதிரியே மீட்டர் போர்டு அணைஞ்சது, இடது பிரேக் லைட் முழு வெளிச்சம்.

பேட்டரி காலையில: மேல் பேட்டரி (பாசிட்டிவ் பக்கம்) 12.9, கீழ் பேட்டரி (சேஸ் பக்கம்) 12.1.
இன்ஜின் ஓடும்போது மொத்தம் 28.1. மேல் 15.2, கீழ் 12.9.
கேபின் எர்த்: ஹெட்லைட், வைப்பர், புளோயர் ஓடும்போது 2.1. ஹாரன் அடிச்சா 2.9.
இன்ஜின் பிளாக், செல்ஃப் அடிக்கும்போது 0.3.
6-14 நடுவுல 61 ஓம்.
ஏசி 0.1.

இருபத்துநாலு_வோல்ட்

அருமையா அளந்திருக்கீங்க. எல்லாம் வெளியே வந்துடுச்சு.

ஆல்டர்னேட்டர் நல்லா இருக்கு: 28.1 சரி, ஏசி 0.1 சரி. இன்ஜின் எர்த்தும் சரி. கேன் லைன்ல ரெண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் உண்டு, ரெண்டும் இணையா சேர்ந்தா 60. உங்களுக்கு 61, அதனால லைன் அறுபடல. 120 வந்திருந்தா லைன் எங்கேயோ அறுந்தது இல்ல ஒரு ரெசிஸ்டர் போனது. 40 வந்திருந்தா யாரோ மூணாவது ரெசிஸ்டர் உள்ள பெட்டியை மாட்டியிருக்காங்க. பூஜ்யம் பக்கம்னா ரெண்டு ஒயரும் உரசி ஷார்ட்.

கேபின் எர்த் 2.1 வோல்ட். இதுதான் பெரிய குற்றவாளி. ஹெட்லைட் 70 வாட் ரெண்டு, கிட்டத்தட்ட 6 ஆம்பியர். வைப்பரும் புளோயரும் சேர்ந்து 10 சொச்சம். ஆக 16 ஆம்பியர்ல 2.1 வோல்ட் விழுதுன்னா தடை 0.13 ஓம். அந்த இணைப்புல 34 வாட் சூடாப் போகுது. கை வச்சா சுடும், தொட்டுப் பாருங்க.

லாரி கேபின் ரப்பர் புஷ் மேல உக்காந்திருக்கு. சேஸுக்கும் கேபினுக்கும் உள்ள கரண்ட் வழி அந்த ஒரு எர்த் பட்டைதான். கேபினைத் தூக்கி இறக்கும்போதெல்லாம் பட்டை மடங்கும், இழை இழையா அறும், லக் (கேபிள் முனை வளையம்) அடியில துரு ஏறும். பட்டை முழுசா போனா கரண்ட் கியர் கேபிள் உறை மாதிரி கண்ட வழியில திரும்பும், அந்தக் கேபிள் சூடாகி உருகவும் செய்யும்.

டீசல் முள் ஆடறதும் இதனாலதான். டேங்க் மிதவை சேஸ் எர்த்துல இருக்கு, மீட்டர் போர்டு கேபின் எர்த்துல இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல 2 வோல்ட் வித்தியாசம் வந்தா மீட்டர் தப்பாத்தான் படிக்கும். இண்டிகேட்டர் ஒவ்வொரு தடவை எரியும்போதும் அந்த வித்தியாசம் கூடிக் குறையுது, முள்ளும் ஆடுது. எந்தப் பக்கம் ஓடும்ங்கிறது மிதவை வகையைப் பொறுத்தது.

பதினாறு_டயர்

அது சரி. ஆனா மழையில மட்டும் ஏன் யு0100 வருது? எர்த் வெயில்லயும் அதே எர்த்துதானே?

மீட்டர்_முதலில்

நல்ல கேள்வி, இங்கேதான் பலரும் வழி தவறுவார்கள். மழை என்றதும் தண்ணீர் புகுந்தது என்றே நினைக்கிறோம். ஆனால் மழையில் ஓட்டுநர் என்ன செய்கிறார்? வைப்பர் போடுகிறார், ஹெட்லைட் போடுகிறார், கண்ணாடி மூடிப் பனிபடியாமல் இருக்கப் புளோயர் போடுகிறார். கேபின் லோடு உச்சத்துக்குப் போவது மழையில்தான்.

கேன் லைனில் பேசும் சிப்கள் இரு பக்க எர்த்துக்கும் இடையே சுமார் 2 வோல்ட் வரை வித்தியாசத்தைத் தாங்கும் கணக்கில் செய்யப்படுபவை. அதற்கு மேல் தாங்கலாம், தாங்காமலும் போகலாம். உங்களுக்கு மீட்டரிலேயே 2.9 வருகிறது. மீட்டர் காட்டுவது சராசரிதான். வைப்பர் மோட்டார் கிளம்பும்போதும் ஹாரன் துடிக்கும்போதும் கண நேரம் இன்னும் மேலே ஏறும். அப்போது மீட்டர் போர்டுக்கு இசியு பேசுவது புரியாது, ஆர்பிஎம் முள் விழும், யு0100 பதியும். இன்ஜின் ஓடிக்கொண்டே இருப்பதும் இதற்கு ஒத்துவருகிறது. இசியு தன் வேலையைச் செய்கிறது, கேபினுக்குத்தான் கேட்கவில்லை.

சரிபார்க்க மழைக்காகக் காத்திருக்க வேண்டாம். காய்ந்த தரையில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, கண்ணாடியில் தண்ணீர் ஊற்றி வைப்பர், ஹெட்லைட், புளோயர், ஹசார்டு எல்லாம் போட்டு ஹாரனை விட்டுவிட்டு அடியுங்கள். முள் விழுந்தால் தண்ணீர்மேல் பழி இல்லை. பிறகு கேபினிலிருந்து சேஸுக்கு ஜம்ப் ஸ்டார்ட் கேபிள் ஒன்றைத் தற்காலிகமாகப் பிடித்து அதையே திரும்பச் செய்யுங்கள்.

கரூர்_பைபாஸ்

செஞ்சு பார்த்தேன். வெயில்லயே ஹாரன் அடிக்கும்போது முள் விழுந்துச்சு. ஜம்பர் கேபிள் பிடிச்ச பிறகு எவ்வளவு அடிச்சாலும் விழல. கேபின் எர்த் 0.1-க்கு இறங்கிடுச்சு. பட்டையைக் கழட்டினா பாதி இழை அறுந்திருக்கு, லக் அடியில பெயிண்ட்.

ஹார்னஸ்_கை

புதுப் பட்டை போடும்போது இதைக் கவனியுங்க.

25 சதுர மி.மீ. செம்புக் கேபிள் அல்லது அதுக்குச் சமமான பின்னல் பட்டை. கேபினை முழுசாத் தூக்கி வச்சு நீளம் அளக்கணும், இறக்கின நிலையில அளந்தா தூக்கும்போது இழுபடும். லக்கை கிரிம்பிங் கருவியில அழுத்துங்க. சுத்தியால தட்டறதும் வேண்டாம், ஈயம் வைக்கறதும் வேண்டாம். ஈயம் இழைக்குள்ள ஏறி கேபிளை விறைப்பாக்கிடும், அதிர்வுல ஈயம் முடியற இடத்திலேயே உடையும். கிரிம்ப் மேல பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க்.

சேஸ் பக்கமும் கேபின் பக்கமும் லக் அளவுக்கு வெள்ளை இரும்பு தெரியற வரை சுரண்டணும். லக் நேரா இரும்புல உக்காரணும். நடுவுல வாஷர் எதுவும் கூடாது, ஸ்டார் வாஷர் லக்குக்கு மேலதான். எம்10 போல்ட், 40 நியூட்டன் மீட்டர். முறுக்கி முடிச்ச பிறகு மேலே வாஸ்லின் இல்ல கிரீஸ் பூசுங்க.

பின் விளக்குக்கு பாடி ஆங்கிளை நம்பாதீங்க. ரெண்டு பக்க விளக்குல இருந்தும் 2.5 சதுர மி.மீ. தனி எர்த் ஒயர் இழுத்து சேஸ் எர்த் போல்டுல சேருங்க. முறுக்கி டேப் சுத்தின ஜாயிண்ட் கண்ணுல பட்டா அதையும் வெட்டி எடுத்துடுங்க. தண்ணி அந்த டேப்புக்குள்ள புகுந்தா செம்பு இழை வழியா உறைக்குள்ளேயே ஏறும், ஒரு முழம் தள்ளிக்கூட ஒயர் கறுத்திருக்கும்.

ஒயரை ஊசியால குத்திப் பார்க்கற பழக்கமும் வேண்டாம். ஓட்டை வழியா தண்ணி போகும். கப்ளர் பின்பக்கமா ப்ரோபை விடலாம். விளக்கு, ஹாரன் ஒயர்ல கரண்ட் வருதான்னு பார்க்க 24 வோல்ட் 21 வாட் பல்பை டெஸ்ட் லேம்பா வைங்க. மீட்டர் ஒரு இழையிலும் 24 காட்டும், பல்ப் காட்டிக்கொடுத்துடும். ஆனா இசியு, சென்சார், கேன் ஒயர்ல அந்த பல்பைக் கொண்டுபோகக் கூடாது.

இருபத்துநாலு_வோல்ட்

இனி பேட்டரி. ஒரு கேள்விதான்: 12 வோல்ட் பாட்டு செட், செல் சார்ஜர், கேமரா ஏதாவது ரெண்டு பேட்டரிக்கும் நடுவுல இருக்கிற இணைப்புல இருந்து எடுத்திருக்கா?

கரூர்_பைபாஸ்

ஆமாங்க. பாட்டு செட்டும் சின்ன ஃபேனும். ஆக்சசரீஸ் கடையில போட்டது.

இருபத்துநாலு_வோல்ட்

அதேதான். நடு இணைப்புல இருந்து எடுத்தா கீழ் பேட்டரி மட்டும் காலியாகும். 4 ஆம்பியர் பத்து மணி நேரம் ஓடினா 40 ஆம்பியர் அவர் கீழ் பேட்டரியில மட்டும் குறையுது, மேல் பேட்டரி நிறைஞ்சே இருக்கு. ரெண்டும் தொடர்ல இருக்கறதால ஆல்டர்னேட்டர் ரெண்டுக்கும் ஒரே கரண்டைத்தான் அனுப்ப முடியும். அது பார்க்கிறது மொத்தம் 28.1 வந்துடுச்சான்னு மட்டும்தான். நிறைஞ்ச மேல் பேட்டரி 15.2-க்கு ஏறி கொதிக்குது, உங்க டிஸ்டில்டு வாட்டர் அங்கதான் போகுது. கீழ் பேட்டரி 12.9-லயே நின்னு சல்ஃபேட் படியுது. செல்ஃப் அடிக்கும்போது அது குப்புற விழும், மொத்த வோல்ட் இறங்கும், பி0562 பதியும்.

அந்த ஒயரைக் கழட்டுங்க. 24-ல இருந்து 12-க்கு மாத்தற கன்வர்ட்டர் போடுங்க. 12 வோல்ட்ல 10 ஆம்பியர் கொடுக்கறதுன்னா 24 பக்கத்துல 5, 6 ஆம்பியர்தான் இழுக்கும், ரெண்டு பேட்டரியில இருந்தும் சமமா.

பதினாறு_டயர்

ஈக்வலைசர் போட்டா நடு ஒயரை அப்படியே விடலாமே?

இருபத்துநாலு_வோல்ட்

விடலாம். ஈக்வலைசர் மேல் பேட்டரியில இருந்து கீழ் பேட்டரிக்கு கரண்டை மாத்திக் கொடுக்கும். ஆனா 12 வோல்ட் லோடை விட அதோட ஆம்பியர் அதிகமா இருக்கணும், அதுக்கு மூணு ஒயர், ஃபியூஸ் எல்லாம் வேணும். அது கெட்டுப்போனா வெளியே தெரியாது, பேட்டரி சாகும்போதுதான் தெரியும். பாட்டு செட்டுக்கும் ஃபேனுக்கும் கன்வர்ட்டரே போதும். கெட்டா பாட்டு நிக்கும், அதோட போச்சு.

பேட்டரி ரெண்டையும் பிரிச்சு 12 வோல்ட் சார்ஜர்ல தனித்தனியா முழுசா ஏத்துங்க. அப்புறம் ஹைட்ரோமீட்டர்ல (ஆசிட் அடர்த்தி பார்க்கற கருவி) ஒவ்வொரு செல்லும் பாருங்க. செல்லுக்கு செல் 0.050-க்கு மேல வித்தியாசம் இருந்தா அந்த பேட்டரி தேறாது. மாத்தினா ரெண்டையும் ஜோடியா, ஒரே கம்பெனி, ஒரே ஆம்பியர் அவர்ல மாத்துங்க. ஒண்ணை மட்டும் மாத்தினா புதுசும் பழசும் இதே மாதிரி ஏறுமாறா சார்ஜ் ஆகும்.

கரூர்_பைபாஸ்

புதுப் பட்டை, பின் விளக்கு எர்த் ரெண்டும் போட்டாச்சு. கேபின் எர்த் எல்லா லோடும் ஓடும்போது 0.08. கோடு அழிச்ச பிறகு திரும்ப வரல. கீழ் பேட்டரியில ஒரு செல் 1.130, மத்தது 1.230. ரெண்டையும் மாத்திடறேன். பாடியில கொஞ்சம் வெல்டிங் வேலையும் இருக்கு, அதுக்கு ஏதாவது பார்க்கணுமா?

ஹார்னஸ்_கை

கட்-ஆஃப் சுவிட்ச் மட்டும் போதாது. பேட்டரி பாசிட்டிவ், நெகட்டிவ் ரெண்டையும் கழட்டி ஒதுக்குங்க, இசியு கப்ளரையும் கழட்டி வைங்க. வெல்டிங் மெஷின் எர்த்தை வெல்டிங் வைக்கற இடத்துக்குப் பக்கத்துலயே, அதே இரும்புல பிடிக்கணும். முன்னாடி பம்பர்ல எர்த்தைப் பிடிச்சு பின்னாடி வெல்டிங் வச்சா நூறு ஆம்பியருக்கு மேல சேஸ் முழுக்க ஓடும், பேரிங், எர்த் பட்டை, இசியு எல்லாத்தையும் தேடிப் போகும். பக்கத்துல ஹார்னஸ் (ஒயர் கட்டு) போனா அதை அவுத்து ஈரச் சாக்கு போட்டு மூடுங்க.

கரூர்_பைபாஸ்

சரிங்க. கன்வர்ட்டருக்கு ஃபியூஸ் எத்தனை, எந்தப் பக்கம்?

இருபத்துநாலு_வோல்ட்

10 ஆம்பியர் கன்வர்ட்டருக்கு 24 பக்கம் 10 ஆம்பியர் ஃபியூஸ், மேல் பேட்டரி பாசிட்டிவ்ல இருந்து ஒரு ஜாணுக்குள்ள. கன்வர்ட்டர் பக்கத்துல போட்டா நடுவுல ஒயர் சேஸ்ல உரசினா அந்த ஃபியூஸ் போகாது, ஒயர்தான் எரியும். 2.5 சதுர மி.மீ. ஒயர், சாவி ஆஃப் பண்ணினா நிக்கற மாதிரி ரிலே வழியா எடுங்க. இல்லைன்னா கன்வர்ட்டர் சும்மா இருக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமா குடிச்சுக்கிட்டே இருக்கும். எர்த்தை இப்ப போட்ட புது கேபின் போல்டுலயே சேருங்க.